பனியாற்றில் சரோ யாரைக் கூப்பிட்டாள்

1

என் மனைவி பனியாற்றுத் தண்ணீருக்குள் விழுந்தாள் என்ற செய்தி, அவள் விழுந்து இருபத்தேழு நாட்கள் கழித்துத்தான் எனக்குத் தெரிய வந்தது. அவள் சொல்லித் தெரியவில்லை. எங்கள் முதியோர் சங்கத்தின் வட்ஸ்அப் குறூப்பில், காலை வணக்கப் பூக்களுக்கும் முழங்கால் வலிக்கான எண்ணெய் ஒன்றுக்கும் நடுவில், பத்தொன்பது விநாடி விடியோவாக வந்தது.

அன்று எங்கள் நாற்பதாவது திருமண நாள். மகள் மது பிக்கரிங்கில் இருந்து கேக்கோடு வருவதாகச் சொல்லியிருந்தாள். சரோ குசினியில் வடைக்கு உளுந்து அரைத்துக்கொண்டிருந்தாள். சங்கத்தில் உள்ள ஒரு அன்ரி, "சரோ அக்காவுக்கும் அங்கிளுக்கும் வாழ்த்துக்கள், றொக்கி மலைப் பயண நினைவாக" என்று எழுதி அந்த விடியோவைப் போட்டிருந்தார். நான் சாப்பாட்டு மேசையில் இருந்து திறந்து பார்த்தேன்.

முதலில் ஐஸ். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளையும் நீலமும். அதன் மேலே நாலடி அகலத்தில் ஒரு ஓடை, உருகின தண்ணீர், வாய்க்கால் வெட்டி விட்டதுபோல ஓடுகிறது. சிவப்பு ஜக்கெற் போட்ட சரோ ஓரத்தில் குனிந்து போத்தலில் தண்ணீர் பிடிக்கிறாள். கால் வழுக்குகிறது. இடுப்பு வரைக்கும் தண்ணீருக்குள் போகிறாள். தண்ணீர் அவளை இழுக்கிறது. அவள் ஒரேயொரு சொல்லைக் கத்துகிறாள். இடது பக்கத்தால் பச்சைத் தொப்பி போட்ட ஒரு வயதானவர் ஓடி வந்து, ஐஸின் மேல் வயிறு அடிபட விழுந்து, அவளுடைய கையைப் பிடிக்கிறார். யாரோ "ஐயோ முருகா" என்கிறார்கள். விடியோ முடிந்தது.

சரோ கத்தின சொல் "இஞ்சாருங்கோ!" எங்கள் பக்கத்தில் மனைவி கணவனைக் கூப்பிடுகிற சொல்.

அந்த நேரத்தில் நான் ரொறொன்ரோவில், வெக்ஸ்போர்ட்டில் எங்கள் வீட்டு வாசலில், குப்பைப் பெட்டியை வீதிக்கு இழுத்துக்கொண்டு நின்றிருப்பேன்.

2

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு, என் தொழிலைச் சொல்லாமல் என் பொறாமையைச் சொல்ல முடியாது. நான் இருபத்திரண்டு வருஷம் ஒரு ஸ்கேட்டிங் அரங்கில் வேலை செய்தவன். பிள்ளைகள் சறுக்கிச் சறுக்கிக் கீறிவிட்ட ஐஸை மெஷினில் ஏறிச் சுற்றிச் சுற்றி ஓட்டிச் சீராக்குவது என் வேலை. மெஷின், மேலே உள்ள ஐஸைச் சீவி எடுக்கும், பின்னால் சுடுதண்ணீரை விரித்துக்கொண்டு போகும். ஐஸ் பளிங்கு மாதிரி வர வேண்டுமென்றால் சுடுதண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று நான் சொன்ன நாளில், சரோ என்னை வாய் பிளந்து பார்த்தாள். நாற்பது வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்த சந்தர்ப்பங்களை விரல்விட்டு எண்ணலாம். எங்கள் வீட்டில் ஐஸைப் பற்றிப் பேசத் தகுதியுள்ளவன் நான்தான் என்று ஒரு நினைப்பு எனக்கு இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் பெயர் சிவானந்தம். அப்பாவின் பெயர் கந்தையா. நான் வந்து இறங்கிய நாளில் விமான நிலையத்தில் ஒரு அதிகாரி இரண்டையும் மாற்றி எழுதிவிட்டார். அன்றிலிருந்து இந்த நாட்டில் நான் கந்தையா. அரங்கில் அதையும் சுருக்கிக் "கண்டி" என்று கூப்பிட்டார்கள். அது மிட்டாய்க்கு அவர்கள் சொல்கிற பெயர் என்று தெரிந்தும் நான் திருத்தவில்லை. எந்த ஆங்கிலத்தில் திருத்துவது? இருபத்திரண்டு வருஷம் மிட்டாயாகவே மெஷின் ஓட்டினேன்.

போன வருஷம் எங்கள் முதியோர் சங்கம் றொக்கி மலைக்கு ஆறு நாள் பயணம் ஒழுங்கு செய்தது. கல்கரி வரை விமானம், பிறகு பஸ். பனியாறு பார்க்கலாம், அதன் மேல் நடக்கலாம் என்று போட்டிருந்தார்கள். பனியாறு என்றால் ஆறு இல்லை. மலைகளுக்கு நடுவில் நூற்றாண்டுக் கணக்காகப் படிந்து இறுகி, மெல்ல மெல்லக் கீழே நகர்கிற ஐஸ். நான்தான் முதலில் பெயர் கொடுத்தேன். சரோவுக்குக் குளிர் பிடிக்காது, என்னுடைய கரைச்சலுக்காகத்தான் ஓம் என்றாள்.

ஆனால் விமானத்தில் ஏறுவதற்குப் படம் போட்ட அட்டை வேண்டும். கண் ஒப்பரேஷனுக்குப் பிறகு என் லைசென்ஸைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டேன். பாஸ்போட்டைப் புதுப்பிக்க அனுப்பினேன், திரும்பி வந்தது. குடியுரிமைக் கடுதாசியில் ஒரு பெயர், பென்ஷன் கடுதாசியில் ஒரு எழுத்துக் குறைந்த பெயர், பழைய பாஸ்போட்டில் இன்னொரு ஒழுங்கில். மீண்டும் அனுப்பினேன், மீண்டும் வந்தது. ரெலிபோனில் பேசிய பிள்ளை மிகவும் தன்மையாக, "சேர், நீங்கள் நீங்கள்தான் என்று உறுதிப்படுத்த ஒருவர் வேண்டும்" என்றாள்.

பயணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, "நீர் போயிட்டு வாரும்" என்று சரோவிடம் சொன்னேன். "நீங்கள் இல்லாமல் நான் எப்பிடிப் போறது?" என்று அவள் கேட்பாள் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

"அப்ப சரி," என்றாள் சரோ. "ஆறு நாளைக்கும் கறி வைச்சு ஃபிரிஜ்ஜுக்குள்ளை வைச்சிட்டுப் போறன்."

திரும்பி வந்தவள் முழங்காலில் நீலம் பாரித்த ஒரு கண்டலோடு வந்தாள். "பஸ் படியிலை தடக்கினது" என்றாள். பிறகு வாய் ஓயவில்லை. ஐஸுக்கு மேல் உருகின தண்ணீர் ஓடை ஓடையாகப் போய், கிணறு மாதிரி ஒரு ஓட்டையால் அடிக்கு விழுமாம். விழுந்த தண்ணீர் அடியிலே போய் ஐஸையே வழுக்கப் பண்ணுமாம். அது கல்லை அரைத்து மாவாக்கிக்கொண்டு வருவதால்தான் அங்கத்தைய ஏரிகளுக்கு அந்தப் பச்சை நீல நிறமாம். இந்த ஐஸ் உருகி ஓடுகிற தண்ணீரை நம்பித்தான் கோடையில் கீழே சமவெளியில் எத்தனையோ ஊர்கள் இருக்கின்றனவாம். ஐஸ் குறையக் குறைய முதலில் ஆறு பெருகுமாம், பிறகு வற்றுமாம். நடைபாதை ஓரத்தில் இந்த வருஷம் ஐஸ் இதுவரை இருந்தது, அந்த வருஷம் அதுவரை இருந்தது என்று பலகை நட்டு வைத்திருக்கிறார்களாம்.

ஒவ்வொரு "ஆம்"முக்கும் பின்னால் ஒரு பெயர் இருந்தது. "தவராசா அண்ணை சொன்னவர்."

விடியோவில் பச்சைத் தொப்பியோடு ஓடி வந்தவர்தான் இந்தத் தவராசா, மட்டக்களப்பு ஆள். அங்கே நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை செய்தவர், இங்கே வந்து கார்ப்பார்க் ஒன்றில் ரிக்கெற் கிழித்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார். நகரத்தின் மேற்குப் பக்கத்தில், பார்க்டேலில் தனியாக இருக்கிறார். ஒவ்வொரு புதன்கிழமையும் ஒன்றரை மணித்தியாலம் ஸ்ட்ரீட்கார், சப்வே, பஸ் என்று மாறி மாறி எங்கள் சங்கத்துக்கு வருவார். அவர் இவ்வளவு தூரம் ஏன் வருகிறார் என்று அதுவரை நான் யோசித்ததில்லை.

ஒவ்வொரு பங்குனியிலும் எங்கள் வீட்டுக் கூரையில் உறைந்த ஐஸ் உருகி பேஸ்மென்ற்றுக்குள் வரும். நான் குனிந்து நின்று வாளியில் ஒற்றி எடுப்பேன். அந்தத் தண்ணீரைப் பற்றிச் சரோ என்னிடம் ஒரு கேள்வியும் கேட்டது கிடையாது.

3

இனி அந்தச் சொல்.

என்னைக் கல்யாணம் செய்து முதல் நாலு மாதமும் சரோ என்னை ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. பெயர் சொல்வது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. வேறு சொல்லும் அவளுக்கு வாயில் வரவில்லை. இருமுவாள், கோப்பையைத் தட்டுவாள், நான் திரும்புவேன்.

ஒருநாள் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் நான் வெற்றிலை வாங்கிக்கொண்டு வந்த அவசரத்தில் தவறான பஸ்ஸில் ஏறிவிட்டேன். பஸ் புறப்படுகிறது. சரோ பையோடு கீழே நிற்கிறாள். இருமிப் பிரயோசனம் இல்லை. அப்போதுதான் முதல்தரம் கத்தினாள், "இஞ்சாருங்கோ!"

பஸ்ஸில் இருந்த ஆண்களில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். இங்கே பாருங்கள் என்பதுதானே அதன் அர்த்தம், கல்யாணமான எல்லா ஆண்களுக்கும் அதுதானே பெயர். ஆனால் நான் மட்டும்தான் குதித்தேன். செருப்பு ஒன்று பஸ்ஸிலேயே போய்விட்டது. வீடு வரை இருவரும் சிரித்துக்கொண்டு நடந்தோம்.

அதன் பிறகு நான் தனியாக இந்த நாட்டுக்கு வந்தேன். பார்க்டேலில் ஒரு அறையில் ஆறு பேர். ஐந்து வருஷம் கழித்துத்தான் சரோ வந்து சேர்ந்தாள். அந்த ஐந்து வருஷமும் யாரும் என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, அந்தச் சொல்லாலும் கூப்பிடவில்லை. விமான நிலையக் கூட்டத்தில் அவளை நான் தேடிக்கொண்டு நின்றபோது முதுகுக்குப் பின்னால் அது கேட்டது. திரும்புவதற்கு முன்னமே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆகவே, கடுதாசிகள் எல்லாம் குழப்பிவிட்ட ஒரு மனுசனுக்கு அதுதான் பெயர். அந்தப் பெயரைச் சொல்லி என் மனைவி ஐஸின் நடுவில் கத்துகிறாள், பச்சைத் தொப்பி போட்ட இன்னொருவர் ஓடி வருகிறார்.

4

கேக்கோடு வந்த மதுவிடம், சரோ மேலே குளிக்கப் போன நேரம் பார்த்து விடியோவைக் காட்டினேன்.

அவள் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஓ, திஸ். ஹூ போஸ்ட்டட் இற்?" என்றாள்.

"உமக்கு முதலே தெரியுமோ?"

"அப்பா, ப்ளீஸ். அம்மா அடுத்த நாளே கோல் பண்ணிச் சொன்னவா. உங்களுக்குச் சொன்னா யூ வுட் ஃப்றீக் அவுட் எண்டுதான் சொல்ல வேண்டாம் எண்டவா. ஷீ வாஸ் ஃபைன். இற் வாஸ் லைக், தேர்ட்டி செக்கண்ட்ஸ்."

"கொம்மா என்ன சொல்லிக் கத்தினவா எண்டு கேட்டனீரோ?"

மது விடியோவை இன்னொரு முறை ஓட விட்டாள். "இஞ்சாருங்கோ. ஸோ? தட்ஸ் லைக், ஹலோ, ஹெல்ப், இல்லையா?"

இந்த நாட்டில் பிறந்த பிள்ளைக்கு அது "ஹெல்ப்" மாதிரி ஒரு சொல். அவளுடைய கணவனை அவள் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள், அவனும் அப்படித்தான். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நான் அவளுக்கு எதை விளங்கப்படுத்துவது? மது என்னை உற்றுப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

"ஓ மை கோட். அப்பா, ஆர் யூ ஜெலஸ்? அந்த அங்கிளிலையா? தட்ஸ் ஸோ கியூட்."

எனக்கு அறுபத்தெட்டு வயது. நெஞ்சுக்குள் ஒன்று அறுத்துக்கொண்டு கிடக்கிறது. அது என் பிள்ளைக்கு கியூட்டாக இருந்தது.

நான் அந்த விடியோவை அந்தக் கிழமை முப்பது தடவையாவது பார்த்திருப்பேன். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுப் பார்த்தேன். ஹெட்போன் போட்டு, சரோவின் குரல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கேட்டேன். விழுகிறபோது அவளுடைய தலை இடப்பக்கம் போகிறது. அவர் நின்றதும் இடப்பக்கம். தலை தண்ணீரின் இழுப்பில் திரும்பியதா, அவரைத் தேடித் திரும்பியதா? அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

இடையில் ஒன்றை மட்டும் நான் பார்க்கவே இல்லை. ஓடையின் கீழே, பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, ஐஸில் ஒரு கரிய ஓட்டை தெரிகிறது. ஓடை முழுதும் அதற்குள் போய் விழுகிறது. முப்பது தடவையும் அது விடியோவின் வலது மூலையில் இருந்தது. என் கண்ணில் படவில்லை.

5

அடுத்த புதன்கிழமை சங்கத்தில் தவராசா படங்கள் காட்டிப் பேசினார். பனியாறு உருகுவதும் அதன் விளைவும் என்று பலகையில் எழுதியிருந்தது. நான் முன் வரிசையில் போய் இருந்தேன்.

மனுசன் நன்றாகத்தான் பேசினார். "பனியாறு எண்டுறது மேல கட்டி வெச்ச குளம் மாதிரி. வாய்க்கால் திறக்கிற ஆள் சூரியன். இப்ப அந்த ஆள் கதவ மூட மறந்துட்டான். வரக்குள்ள நிறைய வரும். மறுகா வராது," என்றார். மறுகா என்றால் பிறகு என்று அவர்களுடைய பக்கத்துச் சொல். சனம் தலையாட்டியது. சரோ பக்கத்து வரிசையில் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். முன்பு சுடுதண்ணீர் விஷயத்தை நான் சொன்னபோது பார்த்த அதே பார்வை.

நான் எழும்பினேன். "உந்த ஐஸ் ஏன் வழுக்குது எண்டு தவராசாவுக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"சொல்லுங்க அண்ணன்," என்றார் அவர்.

நான் சொன்னேன். அரங்கைப் பற்றி, மெஷினைப் பற்றி, சுடுதண்ணீரைப் பற்றி, ஐஸுக்கு மேலே இருக்கிற மெல்லிய நீர்ப்படையைப் பற்றி. இருபத்திரண்டு வருஷம் ஐஸோடு சீவித்தவன் நான், படத்தில் பார்த்துப் பேசுகிறவனில்லை என்றேன். "ஐஸ் தெரிஞ்சவன் ஒருத்தன் அங்கை நிண்டிருந்தால் அதுக்குக் கிட்ட ஆரையும் விட்டிருக்கமாட்டான்," என்று முடித்தேன்.

தவராசா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "அது சரிதான் அண்ணன். எங்கட பிழைதான்," என்றார். சரோ தன் கைப்பையின் சிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து சரோ மரக்கறி வெட்டத் தொடங்கினாள். நான் குசினி வாசலில் நின்றேன்.

"ஆரைக் கூப்பிட்டனீர்?" என்று கேட்டேன்.

"எப்ப?"

"தண்ணிக்குள்ளை விழேக்கை."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "அதைப் பாத்திட்டியளோ?"

"ஊரே பாத்திட்டுது. நான்தான் கடைசி."

"அப்ப உங்களுக்கு இப்ப தெரியும், நான் செத்துப் போயிருப்பன் எண்டு," என்றாள் சரோ. "என்ரை கால் அடியிலை முட்டேல்லை. தண்ணி இழுத்த இழுவையிலை இன்னும் ரெண்டு விநாடி, அந்தக் கிணத்துக்குள்ளை போயிருப்பன். போனால் எடுக்கேலாது எண்டு வழிகாட்டிப் பெட்டை பிறகு அழுதழுது சொன்னவள். இதை எல்லாம் பாத்திட்டு நீங்கள் கேக்கிறது, ஆரைக் கூப்பிட்டனீர் எண்டு."

"எனக்குத் தெரிய வேணும்."

"தெரியாது. போங்கோ."

மூன்று நாட்கள் அவள் என்னோடு பேசவில்லை. இருமவும் இல்லை, கோப்பையைத் தட்டவும் இல்லை. சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். அந்த மூன்று நாளில்தான் விடியோவின் வலது மூலையைப் பார்த்தேன். பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சரோ குசினியில் நிற்கிறாளா என்று எழும்பிப் போய்ப் பார்த்தேன். ஆனால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன், அந்தப் பயத்துக்கு அடியிலும் மற்றது ஓடிக்கொண்டேதான் இருந்தது.

6

சனிக்கிழமை ஒருவருக்கும் சொல்லாமல் பார்க்டேலுக்குப் போனேன். முப்பது வருஷத்துக்கு மேலாக அந்தப் பக்கம் எனக்கு அலுவல் இருக்கவில்லை. நாங்கள் ஆறு பேர் இருந்த கட்டடத்தின் கீழே இப்போது கோப்பிக் கடை. தவராசாவின் அப்பாட்மென்ற் அதற்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது.

அவர் கதவைத் திறந்து என்னைக் கண்டதும் அதிர்ந்து போகவில்லை. "வாங்க அண்ணன், இரிங்க," என்று ஒரே ஒரு கதிரையைக் காட்டினார். தான் கட்டிலில் இருந்தார். சுவரில் அவருடைய மனைவியின் படம். அதன் கீழே ஒரு தண்ணீர்க் கிளாசில் ஒற்றைச் செவ்வந்தி.

தேத்தண்ணி போட்டுத் தந்தார். நான் வாயில் வைக்காமல் கேட்டேன். "சரோ கத்தின உடனை ஓடினியள். உங்களைத்தான் கூப்பிடுறா எண்டு நினைச்சியளோ?"

அவர் முகத்தை இரண்டு கையாலும் துடைத்தார்.

"அண்ணன், நான் ஒண்டு சொல்லுறன், நீங்க என்னக் கோபிச்சாலும் பரவாயில்ல," என்றார். "எங்கட பக்கம் 'இஞ்சாருங்க' எண்டுதான் சொல்லுற. கடைசியில உங்கட 'கோ' இல்ல. ஆனா அந்த நேரம் என்ட காது அதெல்லாம் பாக்கல்ல. எட்டு வருசமா அந்தச் சொல்ல எனக்கு ஒருத்தரும் சொல்லல்ல. நான் மற்றப் பக்கம் பாத்துக்கிட்டு நிண்டன். பின்னால கேட்டிச்சு. என்ட பொஞ்சாதிதான் கூப்பிடுறா எண்டு ஓடினன்."

நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆரோ ஒரு பொம்பிள விழுந்துட்டா எண்டு ஓடல்ல. அப்பிடி எண்டா நான் நிண்டு, கயிறு இரிக்கா, வழிகாட்டி எங்க எண்டு பாத்திருப்பன். எனக்கு முழங்கால் ரெண்டும் சரியில்ல. ஐஸில ஓடுற ஆளா நான்? கையப் புடிச்சு இழுத்து, மேல கொண்டுவந்து, மறுகா முகத்தப் பாத்தா..." அவர் நிறுத்தினார். "உங்கட மனிசி. உயிரோட இரிக்கிறா. நான் சந்தோசப்பட வேணும். எனக்கு ஏமாத்தமாப் போச்சு அண்ணன். ஒரு செக்கன். ஒரே ஒரு செக்கன். அதுக்கு என்ன மன்னிச்சுக்கொள்ளுங்க."

இந்த இடத்தில் என் பொறாமை போய்விட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அது போகவில்லை, இடம் மாறியது. கேட்ட மாத்திரத்தில் ஓடின அந்தக் கால்களைப் பார்த்தேன். பழுதுபட்ட முழங்கால்கள். நான் அங்கே நின்றிருந்தால், என்னைத்தான் கூப்பிட்டிருந்தால், அப்படி ஓடியிருப்பேனா? இத்தனை வருஷமாக அந்தச் சொல் ஒரு நாளைக்கு இருபது தடவை என் காதில் விழுகிறது. ரீவியில் இருந்து கண்ணை எடுக்காமல் "ம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"உங்களுக்கு இன்னும் கூப்பிட ஆள் இரிக்கு," என்றார் தவராசா. அவருடைய குரலில் இருந்தது என்ன என்று எனக்கு உடனே தெரிந்தது. அந்தக் கிழமை முழுவதும் எனக்குள் கிடந்ததே அதுதானே.

போகும்போது கையைக் கொடுத்தேன். நன்றி என்று சொல்ல நினைத்தேன். "புதன்கிழமை வாறியள்தானே?" என்று மட்டும் வந்தது.

7

வீட்டுக்கு வந்து சரோவிடம், பார்க்டேலுக்குப் போனேன் என்று சொன்னேன். தவராசா சொன்னதில் பாதியைச் சொன்னேன். மற்றப் பாதி அவருடையது.

சரோ உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். "அந்தாளை ஏன் போய்க் கரைச்சல்படுத்தினியள்?" என்றாள். ஒரு சட்டையை மடித்து முடித்துவிட்டு, தானாகவே சொன்னாள். "எனக்கு உண்மையா நினைவில்லை. தண்ணி அவ்வளவு குளிர். மூச்சு எடுக்கேலாது. வாய்தான் சொல்லிச்சுது. உங்களை நினைச்சுக் கூப்பிட்டன் எண்டு சொன்னால் உங்களுக்குச் சந்தோசமா இருக்கும். ஆனால் அந்த நேரம் நான் ஒருத்தரையும் நினைக்கேல்லை." அடுத்த சட்டையை எடுத்தாள். "நீங்கள் நிண்டிருந்தால் நீங்கள் வந்திருப்பியள். நீங்கள் நிக்கேல்லை."

நானும் இருந்து உடுப்பு மடித்தேன்.

மாரி முடிகிற நேரம் என் பாஸ்போட் வந்தது. சங்கத் தலைவர் வந்து, நான் நான்தான் என்று கையெழுத்துப் போட்டுத் தந்தார். இந்த ஆவணியில் சங்கம் மீண்டும் போனது. நான் போனேன். சரோ வரமாட்டாள் என்று நினைத்தேன், வந்தாள். தவராசாவும் வந்தார். பஸ்ஸில் யன்னல் பக்கத்துச் சீற் எனக்கு, நடுவில் சரோ, அங்கால் பக்கம் அவர்.

பனியாற்றின் அடிவாரத்தில் வழிகாட்டி எங்களை நிறுத்தினாள். இந்த வருஷம் மேலே நடக்க விடுவதில்லை என்றாள். சங்கத்தார் போன வருஷம் ஏறின இடத்தில் ஐஸ் மெலிந்து உடைந்துவிட்டதாம். கரையோரமாக நடக்கலாம், அவ்வளவுதான். எதிரே ஐஸ் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு புதுக் குளம் கிடந்தது. அதற்குள் கார் அளவில் ஐஸ் துண்டுகள் மிதந்தன. குளத்தில் இருந்து தண்ணீர் கல்லுக்கு நடுவால் இரைந்துகொண்டு கீழே ஓடியது.

"எந்த இடத்திலை விழுந்தனீர்?" என்று சரோவிடம் கேட்டேன். ஒரு வருஷமாக அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று இருந்தேன்.

"அங்கை," என்று சரோ குளத்துக்கு மேலே, வெறும் காற்றைக் காட்டினாள்.

"இல்ல தங்கச்சி, அங்கால, அந்தக் கறுத்தக் கல்லுக்கு நேர," என்றார் தவராசா.

"இல்லை அண்ணை, உது இல்லை. கல்லு எங்களுக்கு இடப்பக்கமெல்லே இருந்தது?"

"அது திரும்பி வரக்குள்ள."

இருவரும் ஆகாயத்தில் விரலை நீட்டி வாதாடினார்கள். உயரம் இவ்வளவு என்றாள் அவள், இன்னும் மேலே என்றார் அவர். அந்த இடம் உருகி ஆற்றோடு போய், இப்போது எந்தச் சமவெளியில் யாருடைய வயலில் நிற்கிறதோ. இனி நான் எவ்வளவு காசைக் கொட்டினாலும் அதைப் பார்க்க முடியாது. பூமியில் அந்த இடத்தைத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், அதில் நான் இல்லை. நடுவில் நின்று ஒருவர் காட்டுகிற பக்கமும் மற்றவர் காட்டுகிற பக்கமும் மாறி மாறிப் பார்த்தேன்.

பிறகு சப்பாத்தையும், மேஸ் என்று நாங்கள் சொல்கிற காலுறையையும் கழற்றித் தண்ணீர் விளிம்பில் போட்டேன். வழிகாட்டி மற்றவர்களோடு முன்னே போய்விட்டாள். கரையோரம், ஆழமில்லாத இடத்தில், உருகின தண்ணீருக்குள் இரண்டு காலையும் வைத்தேன்.

குளிர் என்று அதைச் சொல்ல முடியாது. எலும்பை யாரோ கையால் பிடித்து முறுக்குவது போல இருந்தது. முழங்காலுக்குக் கீழே எனக்கு ஒன்றும் இல்லாமல் போனது. எண்ணத் தொடங்கினேன். ஒன்பதுக்கு மேல் நிற்க முடியவில்லை. அவள் இடுப்பு வரை, ஓடுகிற தண்ணீரில், பக்கத்தில் அந்த ஓட்டையோடு இருந்திருக்கிறாள்.

"உங்களுக்கு விசர் பிடிச்சிட்டுதே?" சரோ கத்திக்கொண்டு ஓடி வந்தாள். என் கையைப் பிடித்து இழுத்து ஒரு கல்லில் இருத்தினாள். தன் சால்வையால் காலைத் துடைத்தாள். துடைக்கிறாள் என்று கண்ணுக்குத்தான் தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லை. "சப்பாத்துக்குள்ளை தண்ணி, மேஸும் நனைஞ்சு போச்சு. இனி என்னத்தைப் போடுறது?" என்று பேசினாள்.

தவராசா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து பையைத் திறந்தார். ஒரு பிளாஸ்ரிக் உறைக்குள் இருந்து தடித்த சாம்பல் நிறக் கால் மேஸ் ஒரு சோடி எடுத்தார். "போன வருசம் தங்கச்சிக்குக் குடுக்க ஒண்டும் இரிக்கல்ல," என்றார். "அதுதான் இந்த முறை கொண்டு வந்தன். நீங்க போடுங்க அண்ணன்."

மறுக்க வாய் வந்தது. சரோ அதற்குள் அதை வாங்கி என் காலில் ஏற்றிவிட்டாள்.

கல்கரி வரை ஆறு மணித்தியாலம் தவராசாவின் காலுறைக்குள்தான் என் கால் இருந்தது. நல்ல கம்பளி. கால் சூடேறி, விரல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அளவும் சரியாக இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.